கேமராவுக்கு மட்டும் தெரியாது

முப்பது நாள் இலவசம் என்றது அந்த ப்ளக்-இன்.
அதற்குள் வேலையை முடி என்றார் ரோஹின்டன்.
வடாலா ட்ரக் டெர்மினலுக்குப் பின்னால்
இரண்டாம் மாடி, ஏசி ஓடாத அலுவலகம்.

அதுவரை எங்கள் கட்டடங்கள்
கோடும் வெள்ளையுமாய் இருந்தன.
இழுத்தால் நீளும், அமுக்கினால் குழியும்,
கனமில்லாத பெட்டிகள்.
அவற்றின்மேல் யாருக்கும் ஆசை வந்ததில்லை,
கோபமும் வந்ததில்லை.

நிறுவியதும் அது கேட்டது:
எந்த ஊர், எந்த மாதம், மணி என்ன?
மும்பை, அக்டோபர் என்றேன்.
சூரியனைக் கொண்டுவந்து
இருக்கவேண்டிய ஆணியில் மாட்டியது.

படம் முதலில் தூறலாய் விழும்,
வெறும் புள்ளிகள்.
பிறகு அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டு
நீ படிக்கட்டா, நான் கைப்பிடி என்று
கூடிக்கொள்ளும்.
அதற்குள் கணினியின் விசிறி ஊரைக் கூட்டும்.
அந்தச் சூட்டில்
பிரணாலி தன் குடையைக் காயவைப்பாள்.

பொருள்களின் பட்டியலில்
ஓக் மரம் பதினாறு வகை இருந்தது,
பனி படிந்த பாசிகூட இருந்தது.
தார்ப்பாய் இல்லை.

தார்ப்பாயை எதற்குத் தேடினேன் என்றால்
கோபுரத்துக்குக் கிழக்கே அறுபதடி தள்ளி
சாம்பல் நிறத்தில் நிற்கிற நான்கு மாடிப் பெட்டி
நானும் தம்பி செழியனும் வாடகைக்கு இருக்கும் வீடு.
சுற்றுப்புறம் என்ற லேயரில் அதன் பெயர்
பெட்டி பதினேழு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி ஏறி
எங்கள் நீலத் தார்ப்பாயைப் படமெடுத்தேன்.
ஒட்டுப்போட்ட இடம், செங்கல், டயர்,
காக்கை எச்சம் எல்லாம் சேர்த்து
பெட்டி பதினேழின் தலையில் போர்த்தினேன்.
வேலைக்குத் தேவையில்லை. சும்மாதான்.

மணியை மதியம் இரண்டரைக்கு நகர்த்தினேன்.
இருபத்திரண்டு மாடி நிழல்
சாவகாசமாய்ச் சாலையைக் கடந்து வந்து
எங்கள் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தது.
கணக்கில் பிழை இருக்குமோ என்று
இரண்டு தரம் பார்த்தேன். இல்லை.
இனிமேல் துணி காலையிலேயே காயவேண்டும்.

பில்டர் சங்வி வந்தார்.
மோதிரத்தால் திரையைத் தட்டினார்.
காலை நேரமா வைங்க.
அந்த நீலம் வேண்டாம்.
அந்த டப்பா பில்டிங்கே வேண்டாம்.

அழித்திருக்கலாம்.
பெட்டி பதினேழின் குணங்களில்
ஒரு சின்னக் கட்டம் இருந்தது:
கேமராவுக்குத் தெரியட்டும்.
அதிலிருந்த டிக்கை எடுத்தேன்.
கீழே இன்னொன்று: பிரதிபலிப்பில் தெரியட்டும்.
அதில் கை வைக்கவில்லை.

விடியவிடிய ஓடி முடிந்த படத்தில்
எங்கள் வீடு இல்லை.
அந்த இடத்தில் புல்தரை,
கோட் போட்ட ஒரு வெள்ளைக்காரர்,
அவரைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்ட நாய்.
ஆனால் கோபுரத்தின் கிழக்குக் கண்ணாடியில்
ஐந்தாம் மாடியிலிருந்து ஏழுவரை
ஒரு நீலம் நெளிந்து கிடந்தது.

சங்வி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
கடல்!
உப்பளம் தாண்டித் தெரியுது பாருங்க,
இதைத்தானே நான் ஆறு மாசமாக் கேட்டேன்!
ரோஹின்டன் என்னைப் பார்த்தார்.
கடலில் டயர் மிதப்பதை அவரும் பார்த்துவிட்டார்.
ப்ளக்-இன் நல்ல ப்ளக்-இன் சார் என்று
பொதுவாகச் சொன்னார்.
மறுநாளே அதைக் காசு கொடுத்து வாங்கினார்.

இப்போது ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்
நாற்பதடிப் பலகையில் நிற்கிறது அந்தக் காலை.
கடல் பார்த்த வீடுகள், மூன்று கோடியிலிருந்து.
செழியனைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
பானிபூரித் தட்டோடு அண்ணாந்து
ரொம்ப நேரம் பார்த்தான்.

அக்கா, அந்த மூலையில
கயிறு அவுந்திருக்கு பாரு, என்றான்.

அன்றிரவு டார்ச்சோடு ஏறிப் பார்த்தோம்.
அவிழ்ந்துதான் இருந்தது.